பதினான்கு தட்டுப் பேய்க்கணவாய்

நஸீஹா ஸியாலா முப்பத்திரண்டு வருடம் நகராட்சி அலுவலகத்தின் இறப்புப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்திருந்தாள். ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரத்தில் யார் செத்தாலும் கடைசியாக அவள் மேஜைக்கு வந்துதான் தீரவேண்டும். ஆள் வரமாட்டார், மருத்துவர் கொடுத்த காகிதம் வரும். அந்தக் காகிதத்தை அவள் மூன்று முறை படிப்பாள். பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி, எந்தச் சாலையில் எத்தனையாவது கிலோமீட்டரில் வீடு என்று எல்லாவற்றையும் வந்தவர் வாயாலும் ஒருமுறை சொல்லவைத்த பிறகுதான் பேனா மூடியைத் திறப்பாள். அழுதுகொண்டே வந்தவர்கள் அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அழுகையை மறந்து எரிச்சலுக்கு மாறியிருப்பார்கள். ஆனாலும் முப்பத்திரண்டு வருடத்தில் உயிரோடிருந்த ஒருவரைக்கூட அவள் செத்தவராக எழுதியதில்லை. ஓய்வு பெற்ற நாளில் நடந்த தேநீர் விருந்தில் மேலதிகாரி இதையேதான் சொன்னார். வேறு சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை.

ஓய்வு பெற்ற பெண்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆண்கள் காபிக்கடைக்குப் போனார்கள். அவள் கணவன் ஹம்மாதி, எண்ணெய் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் ஒரு நாற்காலியைப் பிடித்தவன், அதை இன்னும் விடவில்லை. நஸீஹா வீட்டிலேயே இருந்து சமைத்தாள். இரண்டு பேருக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மிச்ச நேரத்தில் நூலகத்திலிருந்து பெரிய பெண்களின் வாழ்க்கை வரலாறுகளை எடுத்துவந்து படித்தாள். பிறந்த தேதியும் இறந்த தேதியும் பொருந்தி வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே படிப்பாள். பழக்கதோஷம்.

ஊரில் 'துறைமுகம்' என்று எட்டுப் பக்க வாரப் பத்திரிகை ஒன்று வியாழக்கிழமைகளில் வரும். அதன் ஆசிரியர், நிருபர், பக்கம் கட்டுபவர் எல்லாமே மொன்ஸெஃப் கம்மூன் என்ற ஒரே ஆள்தான். ஐந்தாம் பக்கத்தில் அவருக்கு எப்போதும் கால் பக்கம் காலியாகக் கிடக்கும். அந்தக் கால் பக்கத்தில்தான் 'இரவுச் சாப்பாடும் ஒரு பெருமாட்டியும்' பிறந்தது. வாரம் ஒரு பெண்ணுக்குப் புகழுரை, அவளுக்குப் பொருத்தமாக வீட்டில் செய்யக்கூடிய ஓர் இரவுச் சாப்பாடு.

பொருத்தம் என்றால் நஸீஹாவின் பொருத்தம். ஒரு காளைத்தோல் அளவு நிலம் போதும் என்று கேட்டு, தோலை மெல்லிய நாடாவாக நறுக்கி ஒரு குன்றையே வளைத்துப்போட்டதாகச் சொல்லப்படும் கார்த்தேஜ் அரசி எலிஸாவுக்கு, மாவை நாடாவாக நறுக்கிச் செய்யும் ரிஷ்தா. எதிரிக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று தன் தோப்புகளையே கொளுத்தியதாகக் கதையில் வரும் அரசி கஹீனாவுக்கு, மிளகாயையும் தக்காளியையும் கரியாகும்வரை சுட்டுப் பிசையும் மிஷ்விய்யா. உம்மு குல்தூமுக்கு, அவர் பாட்டைப் போலவே அவசரப்படாத, உலர்கீரைப் பொடியில் ஆறு மணிநேரம் அடுப்பில் கிடக்கும் முலூகிய்யா கறி. மேரி க்யூரிக்கு என்ன கொடுப்பது என்று இரண்டு வாரம் தவித்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகும் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும் மண்சட்டி ஆட்டிறைச்சியை எழுதினாள். இதையெல்லாம் அவள் வேடிக்கைக்காக எழுதவில்லை. வாசகர்கள்தான் சிரித்தார்கள். சிரித்தவர்களே கால் பக்கத்தைக் கிழித்து அடுக்களையில் ஒட்டிவைத்துச் சமைக்கவும் செய்தார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. செத்தவர்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவாள்.

"உயிரோட இருக்கறவங்களையும் எழுதலாமே, லெல்லா நஸீஹா" என்று மொன்ஸெஃப் ஆரம்பத்தில் மரியாதையாகவே கேட்டுப் பார்த்தார். "அந்தப் பாடகி இருக்காங்க, நீதிபதியம்மா ஒருத்தர் இருக்காங்க. படம்கூடக் கைவசம் இருக்கு."

"கோப்பு இன்னும் மூடலையே."

"என்ன கோப்பு?"

"உயிரோட இருக்கறவ நாளைக்கு என்ன செய்வான்னு யாரு கண்டா? இன்னிக்கு நான் ஆகா ஓகோன்னு எழுதிட்டு, நாளைக்கு அவ மந்திரி ஆயிட்டான்னா?"

மொன்ஸெஃபுக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. படத்தின் மூலையில் ஒரு கறுப்புப் பட்டை, கட்டுரையின் அடியில் 'இறைவன் அவர்மீது இரக்கம் பொழியட்டும்' என்று ஒரு வரி, இரண்டையும் முதல் வாரம் போட்டுவைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் பழைய பக்கத்தையே திறந்து, உள்ளே இருக்கும் எழுத்தையும் படத்தையும் மட்டும் மாற்றினார். எட்டு வருடத்தில் நானூறு பெண்கள் அந்தப் பட்டைக்குக் கீழே வந்து போனார்கள்.

இனி தலெந்தாவைச் சொல்லவேண்டும். கிரெம்தா சாலை நான்காம் கிலோமீட்டரில் நஸீஹாவின் வீட்டுக்கும் தலெந்தா ஷாபூனியின் வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். தலெந்தா உள்ளூர் வானொலியில் இருபத்தாறு வருடம் கடல்நிலை வாசித்தவள். விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், கெர்கென்னா தீவுப் பக்கம் போகலாமா வேண்டாமா. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் கரையோரத்தில் அந்தக் குரலைத் தெரியாத ஆள் கிடையாது. 'வேண்டாம்' என்று அவள் சொன்ன நாளில் யாரும் படகை அவிழ்க்கமாட்டார்கள். காற்றே இல்லாத நாளில் அவள் 'வேண்டாம்' என்றாலும் அவிழ்க்கமாட்டார்கள். கணவனும் அம்மாவும் இறந்து, மகள் கடல்கடந்து நாந்த்துக்குக் கல்யாணம் ஆகிப்போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவளும் ஒரு பூனையும்தான்.

இந்த இரண்டு பெண்களும் இருபது வருடம் ஒட்டிக்கொண்டு கிடந்தவர்கள். ஆகஸ்ட் மாதம் வந்தால் வருடத்துக்கு வேண்டிய குஸ்குஸை இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே உருட்டுவார்கள். ரவையில் மாவைத் தூவி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி, சல்லடையில் சலித்து, ஆவியில் வேகவைத்து, தலெந்தாவின் மொட்டைமாடியில் வெள்ளைத்துணி விரித்து உலர்த்துவார்கள். குருவி கொத்தாமல் காவல் இருப்பது நஸீஹாவின் வேலை. அலுவலகத்தில் அதற்கென்றே ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைப்பாள்.

பிரிந்தது ஷர்மூலாவால். நோன்புப் பெருநாள் காலையில் ஸ்ஃபாக்ஸ்காரர்கள் உப்பு மீன் சாப்பிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் பலகாரம் தின்றுகொண்டே இதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். மீனுக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயத்தையும் உலர்திராட்சைச் சாற்றையும் எண்ணெயில் மணிக்கணக்காகச் சுண்டவைக்கும் தொக்குதான் ஷர்மூலா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கைப்பக்குவம். அடுத்த வீட்டில் கொடுத்தால் சாப்பிடுவார்கள், எப்படிச் செய்தாய் என்று கேட்கமாட்டார்கள். கேட்பது அநாகரிகம். தலெந்தாவின் அம்மா திராட்சையை ஊறப்போடும்போது காய்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு சேர்த்துப் போட்டு, கொதிக்கும் முன்னால் எடுத்துவிடுவார். நஸீஹா அதைக் கேட்டதே இல்லை. இருபது பெருநாளுக்கு தலெந்தா வீட்டு அடுக்களையில் வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கண்ணால் பார்த்தது தன்னுடையது என்று நினைத்துவிட்டாள்.

பத்தியின் மூன்றாவது வாரம் நோன்பின் கடைசி வாரமாக அமைந்தது. அடிமைகளை விடுவித்ததோடு, சிறைப்பட்டவர்களை மீட்கவும் சொத்து எழுதிவைத்த இளவரசி அஸீஸா ஒத்மானாவைப் பற்றி எழுதினாள். விடுதலை கொடுத்தவருக்கு, நோன்பிலிருந்து விடுதலையாகும் நாளின் ஷர்மூலா. ஆரஞ்சுத் தோல் எந்த நேரத்தில் போடவேண்டும், எந்த நேரத்தில் எடுக்கவேண்டும் என்பதுவரை துல்லியமாக எழுதினாள். தலெந்தாவின் அம்மா இறந்து அப்போது ஐந்து மாதம்.

அந்தப் பெருநாளில் தலெந்தா ஆறு வீடுகளுக்கு வாழ்த்துச் சொல்லப் போனாள். ஆறு வீட்டிலும் அவள் முன்னால் அவள் அம்மாவின் ஷர்மூலாவை வைத்தார்கள். ஆறாவது வீட்டுக்காரி, "சாப்பிடு, இது அஸீஸா ஒத்மானாவோடது" என்றாளாம்.

மறுநாள் நஸீஹா ஒரு தட்டு நிறையப் பலகாரம் அனுப்பினாள். தட்டு அன்று மாலையே திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, காலியாக வந்தது. அந்த ஊரில் அடுத்த வீட்டுத் தட்டைக் காலியாகத் திருப்பக்கூடாது, நாலு பாதாம் கொட்டையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நஸீஹா அந்தத் தட்டை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கதவைத் தட்டப் போனாள், திறக்கவில்லை. மூன்று நாள் போனாள். நாலாவது நாள் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

எட்டு வருடம் ஓடிவிட்டது. இந்தப் பக்கம் ஒருத்தி தனியாகக் குஸ்குஸ் உருட்டினாள், அந்தப் பக்கம் ஒருத்தி தனியாக உருட்டினாள். மதிலருகே நேருக்கு நேர் பார்த்துவிட்டால் தலெந்தா பூனையிடம் பேச ஆரம்பித்துவிடுவாள். "வா உள்ள போலாம், இங்க காத்து சரியில்ல" என்பாள், கடல்நிலை வாசிக்கும் அதே குரலில்.

இந்த வருடம் ஜூலை மாதம், ரொட்டிக்கடை வரிசையில் நஸீஹா ஒரு செய்தி கேட்டாள். தலெந்தா வீட்டை விற்றுவிட்டாள், ஆகஸ்ட் முப்பதாம் தேதி மகளிடம் நாந்த்துக்குப் போகிறாள், திரும்பி வருவதாக இல்லை. நஸீஹா ரொட்டி வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். ஹம்மாதி, "ரொட்டி எங்க?" என்றான். அன்று அவனுக்குக் குஸ்குஸ்தான் கிடைத்தது.

இரண்டு வாரம் அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை. போய்விட்டால் போனதுதான். மன்னிப்புக் கேட்கவேண்டும், ஆனால் மூடிய கதவின் முன்னால் நின்று கேட்டால் பூனைதான் பதில் சொல்லும். நஸீஹாவுக்கு ஒழுங்காகச் செய்யத் தெரிந்த காரியம் எழுதுவது ஒன்றுதான். ஆகஸ்ட் பதின்மூன்று அந்த நாட்டின் பெண்கள் தினம். அந்த வாரத்துக்குரிய பெருமாட்டியாக தலெந்தா ஷாபூனியை எழுதினாள். தன் நிபந்தனையைத் தானே உடைத்து எழுதினாள். நானூறு பேருக்கும் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியதில்லை, தலெந்தாவுக்கு நாலு பக்கம் வந்தது. அழுதுகொண்டே அதை ஒரு பக்கமாகக் குறைத்தாள். சாப்பாடாக, கெர்கென்னாக்காரர்கள் செய்வதுபோல உலர்ந்த பேய்க்கணவாய் போட்ட குஸ்குஸ். எட்டுக் காலும் முழுசாக, தக்காளிக் குழம்பில் ஊறி, குஸ்குஸின் மேல் படுத்திருக்கவேண்டும். தலெந்தாவுக்கு உயிர் அது.

மொன்ஸெஃபிடம் நேரில் போய்க் கொடுத்தாள். "இவங்க உயிரோட இருக்காங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

"ரொம்ப நல்லது. பெண்கள் தினத்துக்குப் பொருத்தம்" என்றார் மொன்ஸெஃப். ஞாபகம் வைத்துக்கொண்டார். பழைய பக்கத்தைத் திறந்தார், எழுத்தையும் படத்தையும் மாற்றினார், அச்சுக்கு அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹம்மாதி காபிக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்தான். அந்த நேரத்தில் அவன் வீடு திரும்பியதே கிடையாது என்பதால் நஸீஹா பயந்துபோனாள்.

"தலெந்தா எப்ப செத்தா?" என்று கேட்டான்.

"யாரு சொன்னா செத்தான்னு?"

"நீதான்."

பத்திரிகையை மேஜையில் போட்டான். படத்தில் தலெந்தா மைக்குக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாள், மூலையில் கறுப்புப் பட்டை. அடியில் இறைவனின் இரக்கம். அதைவிட மோசம் நடுவில் இருந்தது. 'இருபத்தாறு வருடம் இந்த ஊர் ஆண்களை அவர் உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் இல்லாத ஓர் ஆகஸ்ட் மாதத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.' எழுதும்போது நாந்த்தை நினைத்து எழுதியது. இப்போது கறுப்புப் பட்டைக்குக் கீழே அது இரங்கலுரையாகிவிட்டது.

"கடையில ரெண்டு பேர் அழுதுட்டாங்க" என்றான் ஹம்மாதி. "தப்பா இருக்கும்னு நான் சொல்லிப் பாத்தேன். 'நஸீஹா எழுதினா செத்ததுதான், அவ தப்பு பண்ணமாட்டா'ன்னுட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அதுவும் சரிதானேன்னு வந்துட்டேன்."

நஸீஹா வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினாள். தலெந்தாவின் வாசலில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டாகிவிட்டது. மூன்றாம் கிலோமீட்டர் பள்ளிவாசல்காரர்கள் நிழலுக்குத் துணிப்பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் தட்டோடு பெண்கள் வந்தபடி இருந்தார்கள். சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவரவேண்டும். என்ன கொண்டுவருவது என்று யாரும் குழம்பவில்லை. பத்திரிகையிலேயே போட்டிருந்தது.

தலெந்தா வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தெரிந்தவர்கள் அவளைப் பார்த்ததும் திகைத்து, கட்டிப்பிடித்து, அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, தட்டை மட்டும் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். சாவு வீட்டுக்கென்று எடுத்து வந்த சோற்றைத் திருப்பி எடுத்துப் போவது நல்லதில்லையாம். தெரியாதவர்கள் பாடு வேறு. துறைமுகத்திலிருந்து வந்த வயதான மீனவர் ஒருவர் கூடையோடு அவளை நெருங்கி, தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"மிச்சம் இருக்கறவங்களுக்கு அல்லாஹ் பரக்கத் கொடுக்கட்டும்மா. நான் இருபத்தாறு வருஷமும் அவங்க சொல்லக் கேட்டுத்தான் கடலுக்குப் போனேன். நீங்க அவங்களுக்கு என்ன முறை?"

"நான்தான் அது" என்றாள் தலெந்தா.

அவள் முகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "அப்ப நாளைக்குக் காத்து எப்படிம்மா?" என்று கேட்டார்.

"வடமேற்கு. மதியத்துக்கு மேல வேண்டாம்."

"சரிம்மா" என்றார்.

அப்போதுதான் தலெந்தா தெருவில் நின்ற நஸீஹாவைப் பார்த்தாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். எட்டு வருடக் கதை நான்காம் கிலோமீட்டரில் யாருக்குத்தான் தெரியாது? நஸீஹா வாசலுக்கு வராமல் தெருவிலேயே நின்றாள். இதற்கு மேல் மன்னிப்பு என்ற வார்த்தைக்கே வழியில்லை என்று நினைத்தாள். முதலில் அம்மாவின் கைப்பக்குவத்தை ஊருக்குக் கொடுத்தாள், இப்போது ஆளையே முடித்துவிட்டாள்.

"வந்துட்டியா, பதிவாளரம்மா" என்றாள் தலெந்தா. எட்டு வருடத்தில் பூனையைத் தாண்டி அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "எத்தன மணிக்குப் போனேன்னு போட்டிருக்கே? நானும் தெரிஞ்சுக்கணும்ல."

"தலெந்தா, நான் அவர்கிட்ட சொன்னேன். நீ உயிரோட இருக்கேன்னு ரெண்டு தடவ சொன்னேன்."

"ரெண்டு தடவயா? மூணு தடவ சரிபாக்கறவளாச்சே நீ."

தலெந்தாவின் பார்வை அவள் கைக்கு இறங்கியது.

"கையில என்ன?"

"ஒண்ணும் இல்ல. அவசரத்துல ஓடி வந்துட்டேன்."

"சாவு வீட்டுக்கு வெறுங்கையோட வந்திருக்கே." தலெந்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டுச் செருப்பையும் பார்த்தாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள். "துக்கத்துக்கு வந்தவள வாசல்ல நிறுத்தக்கூடாது. உள்ள வா. எல்லாரும் பாக்கறாங்க."

நஸீஹா எட்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டினாள். கூடத்தில் சாமான்களைப் பெட்டி கட்டி அடுக்கியிருந்தது. அடுக்களையில் மட்டும் எதுவும் மாறவில்லை, அதே மரமேஜை. மேஜையிலும் ஜன்னல் திண்டிலும் துணி துவைக்கும் எந்திரத்தின் மேலும் தட்டுகள். எல்லாத் தட்டிலும் எட்டுக் காலை விரித்துப் படுத்திருந்தது பேய்க்கணவாய்.

"எண்ணிப் பாரு" என்றாள் தலெந்தா.

நஸீஹா எண்ணினாள். பதினான்கு.

"உன் குறிப்ப ஒருத்தியும் மாத்தல. ஒரு பூண்டுப் பல்லு கூடக் கொறையல."

"உனக்குப் பிடிக்குமேன்னுதான்..."

தலெந்தா வாய்க்குள் விரலை விட்டு, மேல்பல் வரிசை முழுவதையும் கழற்றி, மேஜையில் தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். "அஞ்சு வருஷம் ஆச்சு. கணவாய் என்ன, வெள்ளரிக்காயே கடிக்க முடியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

நஸீஹா அழுதாள். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்ததால் சத்தம் வராமல் அழுதாள். தலெந்தா தடுக்கவில்லை. பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, துக்கத்துக்கு வந்தவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்டீ" என்றாள் நஸீஹா. "அன்னிக்கு உங்கம்மா பேர எழுதியிருக்கணும்."

"எழுதியே இருக்கக்கூடாது."

எட்டு வருடமாக நஸீஹா மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு முழுக்கப் பெயரை விட்டதற்குத்தான். பெயரைப் போட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள். "எழுதியே இருக்கக்கூடாது."

தலெந்தா தலையை ஆட்டினாள். எழுந்துபோய் இரண்டு கரண்டி எடுத்துவந்தாள். ஒரு தட்டில் கணவாயை ஓரம் தள்ளி, கீழே இருந்த குஸ்குஸை மட்டும் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நஸீஹாவும் அதே தட்டில் கரண்டியை விட்டாள்.

"குஸ்குஸ் பரவால்ல. யாரோ நல்லா உருட்டியிருக்கா" என்றாள் தலெந்தா. பிறகு, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நானும் நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். நீயா வந்தா நான் கதவத் தொறக்கமாட்டேன்னு எனக்கே தெரியும். என் குணம் அப்படி. ரெண்டு பேர்ல ஒருத்தி செத்தாத்தான் இன்னொருத்தி உள்ள வர முடியும். உனக்குச் சர்க்கர வியாதி இருக்கறதால நீதான் முந்துவேன்னு நெனச்சேன்."

"நல்ல எண்ணம்."

"நீ செத்தா என்ன சமைச்சு எடுத்துக்கிட்டு வரணும்னுகூட முடிவு பண்ணி வெச்சிருந்தேன். ஆட்டுக்கறி, பூசணிக்கா, உலர்திராட்ச. கொண்டைக்கடல போடமாட்டேன். சாவு வீட்டு குஸ்குஸ்ல கொண்டைக்கடல இல்லாம எப்படின்னு ஊரே கேக்கும். கேக்கட்டும். உனக்குப் பிடிக்காது."

நஸீஹாவின் கரண்டி பாதியில் நின்றது. இப்போது அவளுக்குச் சத்தம் வந்துவிட்டது. வெளியே நாற்காலிகளில் இருந்தவர்கள் அதைக் கேட்டு, சாவு வீட்டில் அழுகை கேட்பது முறைதானே என்று தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு யாரும் சாகவில்லை என்று ஞாபகம் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

"அதுல இன்னொன்னும் சேர்ப்பேன்" என்றாள் தலெந்தா. "அது எங்க அம்மாவோடது இல்ல. நானே கண்டுபிடிச்சது. கிட்ட வா, சொல்றேன்."

நஸீஹாவின் கை தானாகவே மேஜைமேல் ஒரு காகிதத்தைத் தேடியது. தலெந்தா அந்தக் கையின் மேல் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எழுதாம கேளு."

"மறந்துபோகும்டீ. எனக்கு வயசு அறுபத்திமூணு."

"மறந்தா போன் பண்ணு. நாந்த்லயும் போன் இருக்கு."

சொன்னாள். நஸீஹா எழுதாமல் கேட்டாள்.

அடுத்த வியாழன் 'துறைமுகம்' ஐந்தாம் பக்கத்தில் திருத்தம் வந்தது. தலெந்தா ஷாபூனி உயிரோடும் நலமாகவும் இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறோம், இறைவன் அவர்மீது இரக்கம் பொழியட்டும். மொன்ஸெஃப் பழைய பக்கத்தைத்தான் திறந்திருந்தார். இந்த முறை யாரும் வரவில்லை. மிச்சமிருந்த நாட்களில் இரண்டு பெண்களும் மொட்டைமாடியில் துணி விரித்து, நஸீஹா வீட்டுக்கு மட்டும் வேண்டிய குஸ்குஸை உருட்டி உலர்த்தினார்கள். நாந்த்துக்கு விமானத்தில் இருபது கிலோதான் விடுவார்களாம்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி தலெந்தா பூனையோடு கிளம்பிப்போனாள். செப்டம்பர் ஒரே மாதத்தில் நஸீஹா அந்தச் சேர்மானத்தை ஏழு தடவை மறந்துபோனாள்.